பிடரி மயிரும் உச்சி மயிரும்

மன்னார்த் தீவிலுள்ள பேசாலைக் கரையில் கரைவலையின் மடி மணலில் ஏறியதும், சம்மாட்டியும் தொழிலாளரும் சிறுவரும் அதனைச் சுற்றிக் குனிந்து மீனை இனம் பிரிக்கும் வேளையில், பக்கத்தில் நிமிர்ந்து நிற்பவருடைய கண்ணுக்கு அவர்களுடைய முகங்கள் தெரிவதில்லை, உச்சந்தலைகளே தெரிகின்றன. இருபது வயதுப் பிள்ளையின் சுழியைச் சுற்றி மயிர் கறுத்து அடர்ந்திருக்க, முப்பதைக் கடந்தவரின் சுழியருகே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளித்திருக்க, ஐம்பதைத் தாண்டியவரின் உச்சி முழுவதும் வெயிலில் மின்ன, இம்மூவருக்குமே பிடரியிலும் காதோரத்திலும் மட்டும் மயிர் குறைவின்றிச் செழித்து நிற்பதை அங்கே காணலாம்.

உச்சி வெளிப்பதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், கடலின் உப்புக்காற்று என்பார் ஒருவர்; சவர்த் தண்ணீரில் தலை முழுகுவது என்பார் மற்றொருவர்; நாள் முழுதும் வள்ளத்தில் வெயில் காய்வது, மோட்டார் சைக்கிளோட்டத்தில் தலைக்கவசம் அணிவது, எண்ணெய் வைக்காமல் விடுவது என்று காரணங்கள் பல கிடைக்கும். இவற்றுள் எதனையும் நாம் அவமதிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சிறு வினாவை இவை ஒவ்வொன்றின் முன்பும் வைத்துப் பார்க்கலாம். உப்புக்காற்றும் சவர்த் தண்ணீரும் உச்சியைத் தொடுவதுபோலவே பிடரியையும் தொடுகின்றனவே. அப்படியிருக்க, அவை ஒரே தலையில் ஓர் இடத்து மயிரை அழித்து, நான்கு விரற்கடைக்கு அப்பாலுள்ள மயிரை ஏன் விட்டுவைக்கின்றன? அதே காற்றிலும் அதே கிணற்று நீரிலும் வாழும் அவ்வூர்ப் பெண்களுள் பெரும்பாலோர்க்கு உச்சியில் இவ்வாறு வட்டமிட்டு வழுக்கை விழாதிருப்பது ஏன்? காரணம் வெளியிலிருந்து வருவதாயின் இவ்வேற்றுமை நேராது. ஆகவே வேற்றுமை மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற அனுமானத்துக்கு நாம் வருகிறோம். இந்த அனுமானம் எவ்வாறு பிரத்தியட்சமாக நிரூபிக்கப்பட்டது என்பதை அறிந்துகொண்டால், பிடரி மயிரை எடுத்து உச்சியில் நடும் சத்திரசிகிச்சை எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது என்பதும் தானே விளங்கிவிடும்.

தலைமயிர் ஒவ்வொன்றும் தோலுக்குள் சரிவாக இறங்கிய ஒரு குழியிலிருந்து முளைக்கிறது. இக்குழியே மயிர்க்கால். அதன் அடியில் குமிழ் போன்ற ஒரு பாகமும், அந்தக் குமிழின் உட்குழிவில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நுழையும் கலத்திரள் ஒன்றும் உள்ளன. இத்திரளைச் சிம்பி என்று வழங்கலாம். மயிர் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும், எவ்வளவு காலம் வளரவேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பது இந்தச் சிம்பியே. மயிர்க்கால் இடைவிடாது வேலை செய்வதில்லை. 2 முதல் 6 ஆண்டு வரை நீளும் வளர்பருவத்தில் அது மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் மயிரை வெளியே தள்ளுகிறது. பின்னர் இரண்டு மூன்று வாரம் ஒடுங்குகிறது. அதன்பின் சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பழைய மயிரை உதிர்த்துவிட்டுப் புதிய மயிரைத் தொடங்குகிறது. தலையிலுள்ள சுமார் 1,00,000 மயிர்களும் ஒரே காலத்தில் ஓய்வதில்லை. ஆளுக்கு 50 முதல் 100 மயிர் வரை தினந்தோறும் உதிர்வது ஆரோக்கியமான தலைக்கும் இயல்பு. தலையணையில் கிடக்கும் மயிரை எண்ணி எண்ணிச் சஞ்சலப்படும் இளைஞர்கள் இந்த ஒன்றை அறிந்தாலே பாதிக் கவலை தீரும்.

ஆண்களின் வழுக்கையில் நிகழ்வது வெறும் உதிர்வன்று. உதிர்ந்த மயிருக்குப் பதிலாக மயிர் வரத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் வளர்பருவம் குறுகி, சிம்பி சுருங்கி, வரும் மயிர் முந்தியதைவிட மெலிந்ததாய், நிறம் குன்றியதாய், குட்டையாய் வருகிறது. பல சுற்றுக்களின் முடிவில் அது குழந்தையின் கன்னத்திலுள்ள பூனைமயிரைப் போல் ஆகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வெளித்துவரும் உச்சியில் வைத்துப் பார்க்கும் தோல் வைத்தியர், தடித்த மயிரும் மெல்லிய மயிரும் அருகருகே கலந்து நிற்பதைக் கண்டே இந்நோயை இனங்காண்கிறார். பிடரியில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே தடிப்பாய் இருக்கும். ஓரிடத்து மயிரில் ஏறக்குறையப் பாதி குறைந்த பின்னரே வெறுங்கண்ணுக்கு அக்குறை புலப்படும் என்பர். ஆகையால் சலூன் கண்ணாடியில் உச்சி வெளித்திருப்பதை ஒருவர் முதன்முதலில் காணும் நாள், அந்நிகழ்ச்சி தொடங்கிய நாளன்று. அது பல ஆண்டுகள் நடந்தேறிய நாள். மொட்டை அடித்தால் மயிர் தடித்து வளரும் என்ற நம்பிக்கை நம்மிடையே உறுதியாக இருக்கிறது. கத்தி தோலுக்கு மேலேயுள்ள உயிரற்ற பாகத்தைத்தான் வெட்டுகிறது, சிம்பியைத் தொடுவதேயில்லை. சவரத்தினால் மயிரின் வளர்ச்சியோ தடிப்போ மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றறிஞர் 1928இலேயே ஆராய்ந்து வெளியிட்டார்.

இனி, மயிர்க்காலைச் சுருங்கச் செய்வது எது என்ற வினா. விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கண்டு எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஓர் அவதானிப்பாகவே கிடந்த இவ்விஷயத்தை ஜேம்ஸ் ஹமில்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் 1942இல் பரிசோதனைக்குக் கொணர்ந்தார். பருவமடையுமுன் விதை நீங்கியவர்களும் இயல்பாகவே விதை வளராதவர்களும் எத்தனை வயதானாலும் வழுக்கையாகவில்லை. அவர்களுக்கு ஆண்தன்மையைத் தரும் ஓமோனாகிய டெஸ்டோஸ்டெரோனை ஏற்றியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களின் தலைமயிர் குறையத் தொடங்கியது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்களுக்கு அதே மருந்து அதைச் செய்யவில்லை. மருந்தை நிறுத்தியதும் வழுக்கை மேலும் பரவாது நின்றது. ஆயினும் போன மயிர் திரும்பவில்லை. ஓமோன் வேண்டும், பரம்பரையும் வேண்டும், இரண்டும் செயற்படக் காலமும் வேண்டும் என்ற மூன்றும் இந்த ஓர் ஆராய்ச்சியிலேயே வெளிப்பட்டன.

அந்தப் பரம்பரை தாய்மாமன் வழியாக வருகிறது என்று நம்மவர் சொல்வார்கள். மாமனின் தலையைப் பார்த்து மருமகனின் தலைவிதியைக் கணிப்பது பேசாலையிலும் வழக்கந்தான். இதில் ஓரளவு உண்மை உண்டு: ஓமோனை ஏற்றுக்கொள்ளும் புரதத்தை அமைக்கும் பரம்பரையலகு, ஆண்மகன் தன் தாயிடமிருந்து மட்டுமே பெறும் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆனால் 2017இல் பிரித்தானியாவில் 52,000 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று, வழுக்கையோடு தொடர்புடைய 287 இடங்களைப் பரம்பரைச் சாசனத்தில் கண்டது. அவற்றுள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருந்தவை 40 மாத்திரமே. மற்றவை தந்தை வழியாகவும் வரக்கூடியவை. ஆதலால் மாமனைப் பார்ப்பவர் தகப்பனையும் பெரியப்பாவையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

இங்கே ஓர் ஆச்சரியம் எழுகிறது. உச்சி மயிரை மெலியச் செய்யும் அதே ஓமோன், அதே மனிதனின் தாடியையும் மீசையையும் மார்பு மயிரையும் தடிக்கச் செய்கிறது! ஒரே இரத்தம் உச்சிக்கும் தாடைக்கும் பிடரிக்கும் பாய்கிறது. அதனுள் இருக்கும் ஓமோனும் ஒன்றே. தாடையிலுள்ள மயிர்க்கால் அதனால் பருக்கிறது, உச்சியிலுள்ளது சுருங்குகிறது, பிடரியிலுள்ளது பெரும்பாலும் பொருட்படுத்தாமலே இருந்துவிடுகிறது. செய்தி ஒன்றே, கேட்பவரின் சுபாவமே வேறு. இந்தச் சுபாவம் அந்தந்த மயிர்க்காலோடு பிறந்ததா, அல்லது அது வாழும் இடத்துத் தோலும் இரத்த ஓட்டமும் அதற்குக் கொடுத்ததா? இதுவே இவ்விஷயத்தின் உயிர்நாடியான கேள்வி. இரத்த ஓட்டம் உச்சியில் குறைவதாலேயே வழுக்கை வருகிறது என்று நம்பியவர்கள் முன்னாளில் வைத்தியர்களுள்ளும் இருந்தனர். அவர்கள் சொன்னது மெய்யானால், பிடரி மயிரைக் கொண்டுவந்து உச்சியில் நட்டாலும் அதுவும் சில ஆண்டுகளில் மெலிந்து மறையவேண்டும்.

நோர்மன் ஒரென்ட்ரைக் என்ற நியூயோர்க் தோல் வைத்தியர் 1952இல் இதைச் செய்தே பார்த்தார். பிடரியிலிருந்து மயிரோடு கூடிய சிறு தோல் வட்டங்களை எடுத்து வழுக்கையான இடத்தில் வைத்தார். அதோடு நில்லாமல், வழுக்கை இடத்துத் தோல் வட்டத்தை எடுத்து மயிரடர்ந்த பிடரியிலும் வைத்தார் என்பதில்தான் அவருடைய சோதனையின் மகிமை இருக்கிறது. முதலாவதை மட்டும் செய்திருந்தால், புதிதாய்த் தைத்த காயத்தைச் சூழ்ந்து இரத்தம் பெருகியதால் மயிர் வளர்ந்தது என்று ஒருவர் வாதிட இடமிருந்திருக்கும். நிகழ்ந்தது என்னவென்றால், பிடரித் தோல் உச்சிக்குப் போன பின்னும் தன் பழைய மயிரையே தொடர்ந்து வளர்த்தது. உச்சித் தோல் மயிரின் நடுவே வைக்கப்பட்ட பின்னும் வழுக்கையாகவே இருந்தது. 1959இல் அவர் இம்முடிவை வெளியிட்டார். இடம் மாறினும் மயிர்க்கால் தன் பிறப்பிடத்தின் சுபாவத்தையே காக்கும் என்ற இத்தத்துவத்தைக் கொடையிட முதன்மை என்று தமிழில் கூறலாம். மயிர் நடுகை என்னும் இன்றைய சிகிச்சை முழுவதும் இந்த ஒரு தத்துவத்தின் மேல் நிற்கிறது. ஜப்பானியரான ஷோஜி ஒக்குடா இதற்கு முன்பே, 1939இல், தீக்காயத் தழும்புகளில் மயிர் வட்டங்களை நட்டு வெற்றி கண்டிருந்தார். இரண்டாம் உலக யுத்தம் மூண்ட காலத்தில் ஜப்பானிய மொழியில் வெளிவந்த அவருடைய கட்டுரை நெடுங்காலம் மேல்நாட்டாரின் கண்ணில் படவில்லை. தழும்பில் நடுவதற்கும் வழுக்கையில் நடுவதற்கும் உள்ள பேதம் பெரிது: தழும்பு பரவுவதில்லை, வழுக்கை பரவுகிறது.

இப்பேதத்தைப் பேசாலையில் வலை பொத்தத் தெரிந்த எவருக்கும் எளிதில் விளக்கிவிடலாம். முன்னாளில் பருத்தி நூல் வலைகள் இருந்தன. உப்பு நீரில் கிடந்து கிடந்து அவை இற்றுப்போகும். பின்பு நைலோன் வந்தது. அது இலகுவில் இறாது. பழைய பருத்தி வலையில் இற்றுக் கிழிந்த இடத்துக்கு நைலோன் துண்டு ஒன்றை வைத்துப் பொத்தினால், அத்துண்டு பருத்தி வலையில் இருக்கிறது என்பதற்காகப் பருத்தியாகிவிடாது. அது நைலோனாகவே நிலைத்திருக்கும். ஒரென்ட்ரைக் கண்டது இதுதான். ஆனால் துண்டைச் சுற்றியுள்ள பருத்தி தன் இயல்புப்படி மேலும் இற்றுக்கொண்டே போகும். சில காலம் சென்றபின், இற்றுப்போன வெளியின் நடுவே நைலோன் துண்டு மட்டும் தனியே தொங்கும். அந்த நைலோனும் கடையில் வாங்கியதன்று, அதே வலையின் வேறொரு மூலையிலிருந்து வெட்டியெடுத்ததே என்றும், அந்த மூலையில் இன்னும் இவ்வளவுதான் மிச்சம் உண்டு என்றும் வைத்துக்கொண்டால், உச்சி வழுக்கைக்கு மயிர் நடுவதிலுள்ள சங்கடம் முழுவதும் இதிலே அடங்கிவிடுகிறது.

நடுகை புதிய மயிரை உண்டாக்குவதில்லை. இருக்கும் மயிரை இடம் மாற்றுகிறது. மயிர்கள் தனித்தனியாகவன்றி, ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்து சிறு கொத்துக்களாக முளைக்கின்றன என்பதை 1984இல் ஹெடிங்டன் என்ற நோய்க்கூற்றறிஞர் விவரித்த பின்னர், இக்கொத்து ஒவ்வொன்றையும் ஓர் ஒட்டாகக் கொள்ளும் முறை வந்தது. பிடரியிலிருந்து மெல்லிய தோற்கீற்று ஒன்றை அறுத்தெடுத்து, காயத்தைத் தைத்து, கீற்றை உருப்பெருக்கியின் கீழ்க் கொத்துக் கொத்தாகப் பிரித்தெடுப்பது ஒரு வழி. இதில் பிடரியில் ஒரு நீண்ட தழும்பு மிஞ்சும். ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத துளைகருவியால் கொத்துக்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது மற்ற வழி. இதில் நீண்ட தழும்பு இல்லை, ஆனால் எண்ணற்ற நுண்புள்ளித் தழும்புகள் உண்டு. எடுத்த ஒட்டுக்கள் உடம்புக்கு வெளியே கிடக்கும் நேரம் நீள நீள உயிரிழக்கும். டெக்ஸாஸ் வைத்தியர் லிம்மர் பரிசோதித்தபோது, 2 மணி நேரத்தில் நட்டவற்றுள் நூற்றுக்கு 95 பிழைத்தன. 24 மணி நேரம் வைத்திருந்து நட்டவற்றுள் 79 மட்டுமே பிழைத்தன. ஆகவே வேகமும் நிதானமும் ஒருங்கே வேண்டப்படும் வேலை இது.

ஒருவருடைய பிடரியில் ஆயுள் முழுவதிலும் நிலைத்திருக்கும் என்று நம்பத்தக்க பகுதியிலிருந்து, அவ்விடம் வெளித்துத் தெரியாதபடி எடுக்கக்கூடியவை, பொதுவாகச் சுமார் 6,000 ஒட்டுக்களே என்பர். இத்தொகை ஆயுள் முழுவதற்குமானது. இப்பொழுது உச்சியின் கணக்கைப் பார்ப்போம். சுழியை மையமாகக் கொண்டு 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம் வெளித்திருக்கிறது என்று கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 30 ஒட்டு என்று, இயற்கை அடர்த்தியில் பாதிக்கும் குறைவாக நட்டாலும், 2,300க்கு மேற்பட்ட ஒட்டுக்கள் செலவாகும். பின்னர் வழுக்கை ஒவ்வொரு பக்கமும் 1 சென்ரிமீற்றர் மாத்திரம் விரிந்தது என்றால், பார்வைக்கு அது சிறிய விரிவே. ஆனால் வட்டத்தின் பரப்பு 113 சதுர சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. புதிதாய் வெளித்த அந்த வளையத்துக்கு மட்டும் மேலும் 1,000க்கு மேற்பட்ட ஒட்டுக்கள் வேண்டும். ஒரு விரல் அகலம் விரிந்ததற்கு இவ்வளவா என்று வியப்பு உண்டாகலாம்; வட்டம் வெளிநோக்கி வளரும்போது ஒவ்வொரு வளையமும் முந்தியதைவிடப் பெரிது என்பதே அதன் காரணம். இதற்கிடையில் நெற்றியோர மயிரும் பின்வாங்கத் தொடங்கினால், முகத்துக்கு அமைப்பைத் தருவது அதுவேயாகையால், அதற்கு ஒட்டு மிஞ்சவேண்டும். உச்சியிலேயே இருப்பைச் செலவிட்டவர் அப்பொழுது என்ன செய்வார்?

உச்சிக்கு வேறொரு சங்கடமும் உண்டு. முன்தலை மயிர் ஒரே திசையாய்ச் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கீழுள்ள தோலை மறைக்கும். ஆகவே சிறிது நட்டாலும் நிறைந்ததுபோலத் தோன்றும். உச்சியிலோ மயிர்கள் சுழியிலிருந்து, பெரும்பாலோர்க்கு வலஞ்சுழியாக, எல்லாத் திசைக்கும் விலகிச் செல்கின்றன. நடுவில் நிற்கும் மயிரை மறைக்க அதற்கு மேலே வேறு மயிர் இல்லை. அதனால் அதே எண்ணிக்கை ஒட்டு, முன்தலையில் தரும் நிறைவை உச்சியில் தருவதில்லை. நடுபவர் அச்சுழியின் போக்கை ஒட்டு ஒட்டாகப் பின்பற்றி, ஒவ்வொன்றையும் அதற்குரிய கோணத்தில் சாய்த்து வைக்கவேண்டும். இல்லையேல் தலை வாரும்போதெல்லாம் அது நட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டவர்க்கு ஓர் அநுகூலம் உண்டு: கரிய மயிருக்கும் பழுப்புத் தோலுக்கும் உள்ள நிறவேற்றுமை, கரிய மயிருக்கும் வெள்ளைத் தோலுக்கும் உள்ளதைவிடக் குறைவாதலால், அடர்த்திக் குறைவு அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.

கொடையிட முதன்மையும் அப்பழுக்கற்ற விதியன்று. சுங்ஜூ ஹ்வாங் என்ற கொரிய வைத்தியர் தலைமயிரைத் தம் காலிலேயே நடச்செய்து கவனித்து, 2002இல் அதை வெளியிட்டார். காலில் அது உயிரோடிருந்தது, ஆனால் தலையில் வளர்ந்த வேகத்தில் வளரவில்லை. குடியேறிய இடமும் சிறிது பேசுகிறது. மேலும் சிலருக்குப் பிடரி மயிரே பரவலாக மெலியும் இயல்பு உண்டு; அவர்களிடம் எடுத்து நடுவதற்கு நிலையான மயிர் இல்லை. இதை முன்கூட்டியே உருப்பெருக்கியால் பார்த்தறியாமல் கத்தியை எடுப்பது பெரும் பிழை.

இவ்வளவையும் சீர்தூக்கினால், உச்சி வெளித்துவரும் இளைஞர் முதலில் நாடவேண்டியது நடுகையை அன்று, மேலும் வெளியாதபடி காக்கும் மருந்தை என்பது புலனாகும். அம்மருந்துகளின் வரலாறும் படிக்கத் தகுந்தது. டொமினிக்கன் குடியரசின் ஒரு சிற்றூரில், பிறப்பில் பெண்போலத் தோன்றிப் பருவ வயதில் ஆணாக வளர்ந்த சிலரைப் பற்றி ஜூலியன் இம்பராட்டோ-மக்கின்லியும் அவருடைய சகாக்களும் 1974இல் எழுதினார்கள். டெஸ்டோஸ்டெரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டெரோன் என்ற வீரியம் மிக்க வடிவமாக மாற்றும் நொதியம் அவர்களுக்குப் பிறவியிலேயே குறைந்திருந்தது. அவர்கள் வளர்ந்தபின் ஆண்மையும் தசைவலியும் உடையவராயினர். வழுக்கையோ அவர்களிடம் காணப்படவில்லை. உச்சி மயிரைச் சுருக்குவது டெஸ்டோஸ்டெரோன் நேரே அன்று, அதன் இந்த மாற்றுருவமே என்பது இதனால் வெளிப்பட்டது. இதன் பயனாக, அந்த நொதியத்தைத் தடுக்கும் பினஸ்டெரைட் என்ற மருந்து பிறந்தது. 1 மில்லிகிராம் மாத்திரையாக வழுக்கைக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்களிடம் அதைச் சோதித்தபோது, உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டம் ஒன்றைக் குறித்து, அதற்குள் நின்ற மயிரையே எண்ணினார்கள். மருந்து உண்டவர்களிடம் எண்ணிக்கை கூடியது. வெறும் மாத்திரை உண்டவர்களிடம் குறைந்துகொண்டே போனது. உச்சி வழுக்கைக்கு இதைவிட நேரான சாட்சியம் வேறில்லை. மற்றொரு மருந்தாகிய மினொக்ஸிடில் இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரையாக இருந்து, உண்டவர்களின் முகத்திலும் கையிலும் வேண்டாத மயிரை வளர்த்து, அதனாலேயே தலையில் பூசும் திரவமாக 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டிற்கும் விலையுண்டு. நிறுத்தினால் பலன் சில மாதங்களில் கரைந்துவிடும். பினஸ்டெரைட் உண்பவருள் சிலருக்குக் காமவிருப்பம் குன்றும், மனச்சோர்வும் தோன்றலாம். ஆகையால் வைத்தியரோடு மனம் திறந்து பேசியே அதைத் தொடங்கவேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடலாகாது, ஆண் சிசுவின் வளர்ச்சியை அது பாதிக்கும். இவற்றை அறிந்து ஏற்றுக்கொள்பவர்க்கு ஓராண்டு மருந்துக்குப் பின் உச்சி எப்படி நிற்கிறது என்று பார்த்து, அதன்பின்னரே நடுகையைப் பற்றி யோசிப்பது உத்தமம். இருபதுகளில் உள்ளவரின் உச்சியில் நடுவதற்கு அநுபவம் வாய்ந்த வைத்தியர்கள் தயங்குவார்கள். அத்தயக்கத்தைத் திறமையின்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முப்பத்தைந்து நாற்பது வயதில், வழுக்கையின் எல்லை ஓரளவு தெரிந்தபின், முன்தலை மயிர் உறுதியாக நிற்க, பிடரி நன்கு அடர்ந்திருக்க, உச்சி மட்டும் வெளித்திருப்பவரே இச்சிகிச்சைக்கு ஏற்றவர் என்பது என் அபிப்பிராயம்.

வட்டமாய் மயிர் போவதெல்லாம் இந்த வழுக்கையுமன்று. நம்மவர் புழுவெட்டு என்று வழங்குவது, உடம்பின் காப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. நட்ட மயிரையும் அவை தாக்கக்கூடும். தைரொயிட் கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் கடுங்காய்ச்சலும் மயிரைப் பரவலாக உதிர்க்கும்; அவை தீர்ந்தால் மயிர் தானே மீளும்.

இனிச் சொல்லப்போவது துக்ககரமானது, ஆயினும் சொல்லாமல் விடத்தகாதது. 2016இல் சென்னையில் 22 வயதுடைய மருத்துவ மாணவர் ஒருவர் மயிர் நடுகை செய்துகொண்ட சில நாட்களுக்குள் மரணமடைந்தார். தலைத்தோலை மரத்துப்போகச் செய்ய ஏற்றும் மருந்துக்கு, உடம்பின் நிறைக்கு ஏற்ப ஓர் உச்ச அளவு உண்டு. பல மணி நேரம் நீளும் இச்சிகிச்சையில் அம்மருந்து திரும்பத் திரும்ப ஏற்றப்படுகிறது. ஒவ்வாமையோ, இதயத்தின் தடுமாற்றமோ, தொற்றோ நேர்ந்தால் அதைக் கண்ட கணமே சமாளிக்கக்கூடியவரும் கருவிகளும் அருகில் இருக்கவேண்டும். அழகு நிலையத்துக் காரியம்போல இது வெளிக்குத் தோன்றினும், உண்மையில் இது சத்திரசிகிச்சையே. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில், இதனை முறையான சத்திரசிகிச்சைப் பயிற்சி பெற்ற வைத்தியர்களே செய்யவேண்டும் என்றும், பட்டறைகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது போதிய பயிற்சியாகாது என்றும் கூறியது. அப்படிக் கூறவேண்டிய அவசியம் ஏற்பட்டதே நம் கவலைக்குரியது.

பேசாலையிலிருந்து கொழும்புக்கோ, பலாலி விமான நிலையம் வழியாகச் சென்னைக்கோ இதற்காகப் புறப்படும் ஒருவர், கட்டணத்தை விசாரிக்குமுன் சிலவற்றை விசாரிக்கவேண்டும். துளையிடுவதையும் நடுவதையும் வைத்தியர் தம் கையாலே செய்கிறாரா, உதவியாளரிடம் விட்டுவிடுகிறாரா? அவர் இலங்கை மருத்துவச் சபையிலோ இந்தியாவிலுள்ள மருத்துவப் பேரவையிலோ பதிவு பெற்றவரா? என் பிடரியில் எத்தனை ஒட்டு உண்டு, இப்பொழுது எத்தனை எடுக்கிறீர்கள், நாளைக்கு எத்தனை மிஞ்சும் என்ற கேள்விக்கு அவர் எண்ணிக்கையோடு பதில் சொல்கிறாரா? உச்சி இன்னும் விரிந்தால் என்ன செய்வது என்பதை அவராகவே எடுத்துப் பேசுகிறாரா? இக்கடைசிக் கேள்வியைத் தவிர்க்கும் வைத்தியரிடம் தலையைக் கொடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஒரே அமர்வில் இத்தனை ஆயிரம் என்று எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பி, ஆயுளுக்கான இருப்பை ஒரே நாளில் தீர்த்துவிட்டு வருபவர்களும் உண்டு.

நட்டபின் இரண்டு மூன்று வாரத்தில் நட்ட மயிரில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். பலர் இதைக் கண்டு பணம் வீணாயிற்று என்று கலங்குவர். மயிர்க்கால் பெயர்க்கப்பட்ட அதிர்ச்சியில் ஓய்வுப் பருவத்துக்குள் புகுந்திருக்கிறது, அவ்வளவே. மூன்று நான்கு மாதத்தில் புதிய மயிர் தலைகாட்டும். முன்தலையில் ஓராண்டில் முழுப்பலன் தெரிய, உச்சியில் ஒன்றரை ஆண்டு வரையும் ஆகலாம். முதற்பத்து நாள் ஒட்டுக்கள் இறுகும் காலம். அக்காலத்தில் சொறிவதோ, இறுக்கமான தொப்பி அணிவதோ, தலையில் சுமை வைப்பதோ கூடாது. கடலில் முழுகுவதும், உச்சி வெயிலில் தலை திறந்திருப்பதும் சில வாரங்களுக்கு விலக்கத்தக்கவை. சங்குக்குச் சுழியோடுபவர்க்கும், நாள்தோறும் வள்ளமேறுபவர்க்கும் இது சிறிய நிபந்தனையன்று. ஒரு மாதமாவது தொழிலிலிருந்து விலகியிருக்க வழியுண்டா என்பதைப் பார்த்தே நாள் குறிக்கவேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ நடுவித்துக்கொண்டவர், ஊருக்குத் திரும்பியபின் காய்ச்சலோ, தலையில் சீழோ, தணியாத வலியோ கண்டால், சிகிச்சை செய்த இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திராமல், அன்றே மன்னார் ஆஸ்பத்திரிக்குச் சென்று, என்ன செய்யப்பட்டது என்பதையும் என்ன மருந்து ஏற்றப்பட்டது என்பதையும் எழுதிய தாளைக் காட்டவேண்டும். அத்தாளை வீட்டுக்குப் புறப்படுமுன்னே கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை.